தண்ணீர் எங்கே தேங்கும்?

மருதம்படுகையில் போய்ப் பக்கிரியைப் பற்றி விசாரித்தால், "அவரா? அதிகமா பேசமாட்டாரு. கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு" என்று சொல்வார்கள். பதினைந்து வருஷம் ஊராட்சித் தலைவராக இருந்த மனிதரைப் பற்றிச் சொல்கிற சொல் இது. எனக்குச் சிரிப்புத்தான் வரும். நான் முதன்முதலில் பார்த்த பக்கிரியிடம் மைக்கைக் கொடுத்துவிட்டால், திருப்பி வாங்குவதற்கு நாலு ஆள் வேண்டும்.

அது 1970. எனக்கு இருபத்தாறு வயது. பெயர் ஜெகபர் அலி, முத்துப்பேட்டைக்காரன். வருவாய்த் துறையில் கிளார்க்காகச் சேர்ந்து பாபநாசம் பக்கம் வந்திருந்தேன். குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம். ஊர் ஊராக ஒரு தனித் தாசில்தார் போய் விசாரிப்பார். ஜனங்கள் சொல்வதை நான் எழுத வேண்டும். பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் குத்தகைக்காரரை வெளியே தள்ள முடியாது. ஏறாவிட்டால் அடுத்த போகத்திலேயே அந்த வரப்பில் வேறு ஆள் நிற்பான். கூலித் தகராறும் குத்தகைத் தகராறும் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கப் புகைந்துகொண்டிருந்த காலம். எந்த ஊருக்குள் நுழைந்தாலும் முதலில் எங்கள் முகத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

மருதம்படுகையில் ஆறரை வேலி நிலம் ஒரே மிராசுதாருக்குச் சொந்தம். அவர் தஞ்சாவூரில் இருந்தார். ஊரில் அவருக்குப் பெயரே கிடையாது, வெறும் 'ஐயா'தான். அந்த நிலத்தை இருபத்திரண்டு பேர் குத்தகைக்குப் பார்த்தார்கள். ஐயாவுக்குப் பதிலாக ஊரை ஆண்டவர் அவருடைய காரியக்காரர் கோவிந்தராசு.

கோவிந்தராசு அடாவடி ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. அவருக்குப் பேச்சே தேவைப்படவில்லை. ஒரு பச்சை நிற சைக்கிள் வைத்திருந்தார். மணியை ஒரு தடவை அடித்தால் பாதையை விட்டு ஒதுங்க வேண்டும். நிறுத்தி இரண்டு தடவை அடித்தால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வரப்புக்கு வர வேண்டும். சைக்கிளை விட்டு அவர் வயலில் இறங்கியதை யாரும் பார்த்ததில்லை.

அந்த மணிச் சத்தத்துக்கு முதன்முதலில் நகராமல் நின்றவர் பக்கிரி. குத்தகைக்காரர்களை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வயல் மாற்றிப் போடுவது அந்தப் பண்ணையின் வழக்கம். ஒரே நிலத்தில் நீண்ட நாள் இருந்தேன் என்று நாளைக்கு எவனும் சொல்லிவிடக் கூடாதே! 1959இல் அப்படி மாற்ற வந்தபோது, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பக்கிரி வரப்பில் நின்றுகொண்டு, "இனிமே மாறமாட்டோம். ஆனது ஆகட்டும்" என்றார். கட்சிப் படிப்பகத்தில் பேப்பர் படித்துப் படித்து வந்த துணிச்சல். மற்றவர்களும் பின்னால் வந்து நின்றார்கள். மாற்றுகிற வழக்கம் அன்றோடு நின்றது.

அதிலிருந்து ஊருக்குப் பக்கிரிதான் வாய். ரேஷன் கார்டு வரவில்லையா, பக்கிரி. பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வரவில்லையா, பக்கிரி. பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவதற்குக்கூடப் பக்கிரியைக் கூட்டிப் போனார்கள். அவரும் பேச்சை ஒரு வித்தையாகவே பழகினார். குடமுருட்டிக் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்து மணிக்கணக்கில் பேசுவாராம். "முன்னாடி உக்காந்து கேட்டது பூரா வாத்துக் கூட்டம்" என்பார் அவர் மனைவி கமலாம்பாள்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை அவர் பேசியதைக் கேட்டேன். "ஏர் பிடித்த கைகள் ஏமாறுவதற்கு அல்ல! நாற்று நட்ட கைகள் நாதியற்றுப் போவதற்கு அல்ல! நிலம் நமதே!" என்று முழங்கினார். கூட்டம் கை தட்டியது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த மனிதர் பொய் பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

புரட்டாசியில் மருதம்படுகைக்கு விசாரணை வந்தது. சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு அங்கே மேஜை போட்டோம். இருபத்திரண்டு பேரும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். கோவிந்தராசு ஒரு பக்கமாக நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கிரி எழுந்தார். "பெருமதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே!" என்று தொடங்கினார்.

தாசில்தார் சாதுவான மனிதர், ஆனால் கறாரானவர். "நீங்க ஒக்காருங்க. ஒருத்தருக்காக இன்னொருத்தர் பேசக் கூடாது. அவங்கவங்க வாயால சொல்றதைத்தான் எழுதுவோம்" என்றார்.

பக்கிரி திறந்த வாயோடு உட்கார்ந்தார்.

முதலில் மருதையனைக் கூப்பிட்டோம். பக்கிரியைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆள் வாட்டசாட்டம். சேற்றில் புதைந்த வண்டியை ஒரே ஆளாகத் தூக்கிவிடுவார் என்று கேள்வி.

"இந்த ஆறு மா நிலத்தை யாரு சாகுபடி பண்றது?"

"ஐயா வயலுங்க."

"அது தெரியும். பயிர் வைக்கிறது யாரு?"

மருதையன் ஒரு தடவை கோவிந்தராசுவைப் பார்த்தார். பிறகு பக்கிரியைப் பார்த்தார். "ஐயாதாங்க நடவு போட்டிருக்காங்க. நான் கூடமாட பாத்துக்கறேங்க" என்றார்.

அந்த ஊரில் யாரும் 'என் வயல்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. விதை அவன் வீட்டு விதை, மாடு அவன் மாடு, சேறு முழுக்க அவன் காலில். ஆனாலும் எங்கே போகிறாய் என்று கேட்டால் 'ஐயா வயலுக்கு' என்பான். நடவு முடிந்ததா என்றால் 'ஐயா வீட்டு நடவு முடிஞ்சுது' என்பான். பெரிய மனிதர்களுக்கு முன்னால் 'நான்' என்பது தலைக்கனம். மருதையன் மரியாதையாகப் பேசினார், அவ்வளவுதான். ஆனால் என் பேனாவுக்கு மரியாதை தெரியுமா? 'மேற்படி நிலம் உடைமையாளரின் சொந்தச் சாகுபடியில் உள்ளது' என்று எழுதினேன். எழுதும்போது கை கூசியது.

அடுத்த மூன்று பேரும் அதையே சொன்னார்கள். ஐந்தாவது ஆள் அதைக்கூடச் சொல்லவில்லை. "பக்கிரி அண்ணன் சொல்லுவாருங்க" என்றார்.

"அவரு சொன்னா செல்லாது. நீ சொல்லு."

"அவரு என்னா சொல்றாரோ, அதாங்க நானும்."

தாசில்தார் பேனாவை மூடினார். "இது சரிப்படாது. நான் யாருகிட்டயும் கையெழுத்தோ ரேகையோ வாங்கலை. பன்னெண்டு நாள் வாய்தா தர்றேன். அன்னிக்கும் இப்படியே சொன்னா, சொன்னபடியே எழுதி முடிச்சிடுவேன். அப்புறம் என்கிட்ட வரக் கூடாது" என்று எழுந்துவிட்டார். வெளியே சைக்கிள் மணி ஒரு தடவை அடித்தது. வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நான் நெய்னா முகம்மது பாய் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கிரி அங்கேயே மருதையனைப் பிடித்துக்கொண்டார். "என் மானத்தை வாங்கிட்டியே மருதண்ணே! பதினோரு வருஷமா தொண்டை கிழியக் கத்துனது இதுக்குத்தானா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" அத்தனை பேர் முன்னால் ஒரு பெரிய ஆளைப் பார்த்து இப்படி. மருதையன் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

"டீ என்னா தப்பு பண்ணுச்சு?" என்றார் நெய்னா முகம்மது, யாரையும் பார்க்காமல்.

பக்கிரி விடவில்லை. மறுநாள் சாயங்காலம் படிப்பக வாசலில் மைக் செட் கட்டிக் கூட்டம் போட்டார். இதிலிருந்து வாய்தா நாள் வரை நடந்ததையெல்லாம் அவரே பின்னாளில் என்னிடம் சொன்னார். கூட்டத்துக்கு வந்தது இரண்டே பேர். ஒருவர் மைக் செட்காரர், அவர் வந்துதான் ஆக வேண்டும். இன்னொருவர் நெய்னா முகம்மது. கடை எதிரிலேயே இருந்ததால் அவருக்கும் வேறு வழியில்லை.

பக்கிரி வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, "நன்றி கெட்ட ஜனங்க" என்றாராம்.

கமலாம்பாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "பதினோரு வருஷமா அவங்க வாயையெல்லாம் நீங்கதான வாடகைக்கு எடுத்து வச்சிருந்தீங்க? திடீர்னு இன்னிக்குத் திருப்பிக் குடுத்துட்டுப் பேசுன்னா, எப்படிங்க பேசுவாங்க?"

பக்கிரிக்குச் சுருக்கென்று தைத்தது. பாதிச் சோற்றில் கை கழுவினார்.

கமலாம்பாளைப் பற்றி நான் இங்கே சொல்லியாக வேண்டும். ஊர் நடவு ஆட்கள் முப்பது பேருக்கு அவர்தான் தலைவி. விசாரணை நோட்டீஸ் கொடுக்கப் போனபோது வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் வாயிலிருந்து ஒரு உத்தரவு வராது, வருவதெல்லாம் கேள்விதான். "ஏண்டி, இடுப்பு வலி எப்படி இருக்கு? வரப்போரமா நிக்கிறியா?" "இந்தப் பத்தி எப்ப முடியும்னு நீயே சொல்லேன்?" கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நாற்றைப் பிரித்துக்கொண்டு சும்மா இருப்பார். வாயைத் திறந்து ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டவள் அந்த நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டு நிமிர்வாள். கோவிந்தராசுவின் மணிக்கு வேலை செய்த ஜனம்தான் அது. ஆனால் மணி அடித்தவர் தலை மறைந்ததும் வேலை மந்தமாகும். கமலாம்பாள் வயலில் இல்லாத நாளிலும் நாற்றுப் பத்தி கோணாது. இந்த வித்தியாசம் பக்கிரியின் கண்ணெதிரே பத்து வருஷமாக இருந்தது. அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்.

விடிந்ததும் பக்கிரி மனைவியிடம் போய் நின்றார். "நான் என்னா பண்ணணும்னு சொல்லு."

"வயலைப் பத்திக் கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கங்க. அவங்க சொன்னதை நீங்க அழகு பண்ணித் திருப்பிச் சொல்லிக் காட்டாதீங்க. அது போதும்."

பன்னிரண்டு நாளில் இரண்டு போய்விட்டது. மீதி பத்து நாளில் இருபத்தொரு பேர். பக்கிரி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டினார். முதலில் போனது மருதையன் வயலுக்கு. மருதையன் நிமிரவில்லை. வரப்பு வெட்டிக்கொண்டே இருந்தார். பக்கிரி குந்தி உட்கார்ந்தார்.

"அண்ணே, அன்னிக்கு டீக்கடையில பேசுனது தப்பு. மனசுல வச்சுக்காத."

மண்வெட்டி நிற்கவில்லை.

"இந்த வயல்ல தண்ணி எங்க தேங்கும்?"

மண்வெட்டி நின்றது. இது என்ன கேள்வி என்பதுபோல மருதையன் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். தென்கிழக்கு மூலையில் தேங்கும் என்றார். அங்கே நண்டு வளை அதிகம், எத்தனை அடைத்தாலும் வரப்பு உடையும் என்றார். எந்த வருஷப் பெருவெள்ளத்தில் எத்தனை அடி வரப்பு போனது, வாய்க்காலிலிருந்து தண்ணீர் ஏற என்ன பாடு பட வேண்டும், மேட்டுப் பக்கத்துக்கு எத்தனை வண்டி எரு அடித்தார் என்று ஒரு மணி நேரம் பேசினார். அவர் அத்தனை பேசி ஊரில் எவரும் கேட்டதில்லை. நடுவில் எத்தனையோ தடவை பக்கிரிக்கு நாக்கு துடித்தது. துண்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"போன வெள்ளத்துக்கு அப்புறம் இந்த வரப்பைக் கட்டுனது யாரு?"

"நான்தான். வேற எவன் வருவான்?" என்று சொன்ன மருதையன், தான் சொன்னதைக் கேட்டுத் தானே கொஞ்சம் தயங்கினார். பிறகு மெதுவாக, "தம்பி, நெலம் நமதேன்னு நீ மைக்குல சொல்ற. நெலம் ஐயாவுதுதான? இல்லைன்னு தாசில்தார்கிட்ட எப்படிச் சொல்றது? பொய்யில்லையா அது?" என்று கேட்டார்.

பக்கிரி அதுவரை, பயத்தால்தான் இவர்கள் வாய் அடைத்தது என்று நினைத்திருந்தார். பயம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் இந்த மனிதரோ, ஐயாவின் நிலத்தை அபகரிக்கிற பொய்யைத் தன்னைச் சொல்லச் சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அந்த நினைப்பை உண்டாக்கியது மேடையில் கைதட்டல் வாங்கிய தன்னுடைய வாக்கியம்தான். பதினோரு வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'உனக்கு என்ன தோணுது' என்று இவரிடம் கேட்டிருந்தால் போதுமே!

"நெலம் யாருதுன்னு சட்டம் கேக்கலண்ணே. பயிர் வைக்கிறது யாருன்னுதான் கேக்குது."

"அவ்வளவுதானா?" என்றார் மருதையன். "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

அதன் பிறகு பக்கிரி ஓயவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வயல், சில நாள் மூன்று. எல்லோரிடமும் அதே கேள்விதான். ஒருவர், "அண்ணே, நான் என்னா சொல்லணும்னு எழுதிக் குடுத்துடுங்க, மனப்பாடம் பண்ணிடறேன்" என்றார். பக்கிரியின் கை சட்டைப்பையில் இருந்த பேனாவுக்குப் போய்விட்டது. எழுதிக் கொடுப்பது எத்தனை சுலபம்! கையை இழுத்துக்கொண்டு, "எழுதித் தரமாட்டேன். உன் வயல்ல தண்ணி எங்க தேங்கும், அதைச் சொல்லு" என்றார். அந்த ஆள் கோபித்துக்கொண்டு போனார். மறுநாள் பக்கிரி மறுபடி போய் அதே வரப்பில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள்தான் அந்த ஆள் வாய் திறந்தார்.

வாய்தா நாளில் பள்ளிக்கூடம் நிறைந்திருந்தது. பக்கிரி முன் பெஞ்சில் இல்லை. கடைசியில், சுவரோரமாக, எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தார். தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து யாரும் பதில் சொல்லக் கூடாது என்பதற்காக. தன்னைக் கடைசியாக விசாரிக்கும்படி தாசில்தாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மருதையன் வந்து நின்றார். "யாரு சாகுபடி பண்றது?" என்று தாசில்தார் கேட்டார். அந்த நேரம் பார்த்து வெளியே சைக்கிள் மணி நிறுத்தி இரண்டு தடவை அடித்தது. கோவிந்தராசு தாமதமாக வந்து இறங்கினார். வேண்டுமென்று அடித்தாரா, பழக்கத்தில் அடித்தாரா, எனக்குத் தெரியாது. பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் தங்களையறியாமல் எழுந்துவிட்டார்கள். மருதையனும் அரை அடி திரும்பினார். நான் பேனாவை இறுகப் பிடித்தேன். ஒரு கிளார்க் வேண்டக் கூடாது. நான் வேண்டினேன்.

மருதையன் மெல்ல மேஜைப் பக்கம் திரும்பினார். "வயல் ஐயாவுதுங்க" என்றார். மூச்சு வாங்கினார். "சாகுபடி நான்."

"எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷமாங்க. தென்கிழக்கு மூலையில தண்ணி தேங்கும். அதுக்கு வடிகால் வெட்டுனதும் நான்தாங்க."

தாசில்தார் கோவிந்தராசு பக்கம் திரும்பி, "அந்த மூலையில வடிகால் இருக்கா?" என்று கேட்டார். கோவிந்தராசு கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாதுங்க. நான் வயல்ல எறங்குறதில்லை" என்றார். அந்த நேர்மைக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்குக் குரலே வரவில்லை, ஒருவர் அழுதுவிட்டார், ஒருவர் தேவைக்கு மேல் பேசி எலித்தொல்லை வரைக்கும் போனார். ஆனால் இருபத்தொரு பேரும் அவரவர் வாயால் சொன்னார்கள். நான் எழுத எழுத, ரேகை உருட்டிய மை என் விரலெல்லாம் ஆகிவிட்டது.

கடைசியாகப் பக்கிரி. தாசில்தார் லேசாகச் சிரித்தார். "இப்ப நீங்க பேசலாம். சொல்லுங்க, உங்க அஞ்சு மாவை யாரு சாகுபடி பண்றது?"

பக்கிரி மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை பேருக்காகப் பேசிய மனிதர் தனக்காக ஒரு இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. பத்து நாளும் எல்லோரையும் கேட்டார். அவரை யாரும் கேட்கவில்லை. வாயைத் திறந்தார்.

"ஐயா வயலுங்க" என்றார். "ஐயாதாங்க..."

அதோடு நின்றுவிட்டது. கோவிந்தராசுகூட நிமிர்ந்து பார்த்தார். என்னால் பக்கிரியைப் பார்க்கவே முடியவில்லை.

பின்பக்கத்திலிருந்து மருதையனின் குரல் வந்தது. "தம்பி, உன் வயல்ல தண்ணி எங்க தேங்கும்?"

தாசில்தார் மேஜையைத் தட்டினார். "யாரும் சொல்லிக் குடுக்கக் கூடாது!"

"சொல்லிக் குடுக்கலீங்க" என்றார் மருதையன். "கேட்டேன்."

தாசில்தார் மேஜையைத் தட்டிய கையை எடுத்துக்கொண்டார். பக்கிரி கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"வடமேற்கு மூலையிலங்க" என்றார். மேடைக் குரல் இல்லை அது, நான் அதுவரை கேட்டிராத சாதாரணக் குரல். "அங்க நட்ட நாத்து வருஷா வருஷம் அழுவிப்போவும். என் சம்சாரம் கமலாம்பாள்தான் மறுநடவு போடும். வயல் ஐயாவுதுங்க. சாகுபடி நாங்க."

அவர் வாழ்நாளில் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். யாரும் கை தட்டவில்லை. நான் அதைச் சொன்னபடியே எழுதினேன். சட்டத்துக்கு வேண்டியது பக்கிரியின் பெயர் மட்டும். ஆனாலும் 'மனைவி கமலாம்பாள் மறுநடவு செய்கிறார்' என்பதையும் சேர்த்தே எழுதினேன். தாசில்தார் படித்தார், அடித்து நீக்கவில்லை. பக்கிரி கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றார். மருதையன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.